ஐஸ் பாருக்கு ரிப்பன் வெட்டிய மேயர்

உலகத்தில் எத்தனையோ மேயர்கள் பாலத்துக்கு ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள். பூங்காவுக்கு வெட்டியிருக்கிறார்கள், பேருந்து நிழற்குடைக்கு வெட்டியிருக்கிறார்கள். ஐஸ் பாருக்கு ரிப்பன் வெட்டிய மேயர் ஒரே ஒருவர்தான். அவரிடம் நான் பதினோரு வருஷம் குப்பை கொட்டினேன்.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சந்து ஒன்றில், பழைய ஓட்டுக் கட்டடத்தில் அவருடைய ஐஸ் ஃபேக்டரி இருந்தது. தெருவுக்கே அவர் ‘மேயரு’. அவருடைய சொந்தப் பெயரை நான் சம்பளக் கவரின் மேல் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் பெயருக்குக் கீழே ‘முன்னாள் வணக்கத்துக்குரிய மேயர்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கும்.

அவர் மேயராக இருந்தது நிஜம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ராயபுரத்தில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. பிறந்து வளர்ந்தது இதே சந்தில்தான். தெற்கே ஓர் ஊரில் பெண் எடுத்தார், மாமனாரின் பம்ப்செட் கடையைப் பார்த்துக்கொள்ளப் போனார், போன இடத்தில் கவுன்சிலர் ஆனார். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள், எங்கள் தெருவுக்கு இன்னும் குடிதண்ணீர் வரவில்லை என்று அவரைத் தேடிக் கிளம்பி வந்துவிடுவார்கள்.

அங்கே மேயர் நாற்காலிக்கு இரண்டு கோஷ்டி முட்டிக்கொண்டது. இவன் வரக்கூடாது என்று அவனும், அவன் வரக்கூடாது என்று இவனும் பிடிவாதமாக நின்றார்கள். யாருக்கும் பிடித்தவரும் இல்லை, யாருக்கும் பிடிக்காதவரும் இல்லை என்று ஒரு ஆள் தேவைப்பட்டது. பின் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்த நம்மவரைக் கைகாட்டினார்கள். ஐந்து வருஷம் அங்கியும் சங்கிலியுமாக இருந்தார். அடுத்த தேர்தலில் அந்த ஊர் மேயர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டம்மாவை நிற்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். வீட்டில் ஒருத்தருக்கு இந்த வியாதி வந்தது போதும் என்று அந்தம்மா சமையலறைக்குப் போய்விட்டார்களாம்.

அந்த நேரத்தில்தான் அவருடைய அண்ணனுக்கு, ஐஸ் ஃபேக்டரி ஈரத்தில் நின்று நின்று முழங்கால் போயிற்று. வந்து எடுத்து நடத்து என்று தம்பியைக் கூப்பிட்டார். அப்படித்தான் ஒரு மாநகராட்சி, ராயபுரம் சந்துக்குள் ஐஸ் ஃபேக்டரியாக வந்து சேர்ந்தது.

நான் வேலை கேட்டுப் போன அன்று வெளியே ‘எழுத்தர் தேவை’ என்று சாக்பீஸில் எழுதிய பலகை தொங்கியது. உள்ளே கம்ப்ரஸர் சத்தத்தில் காது அடைத்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்தரிக்கோல் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கோப்பு எழுதத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். மறுநாள் கையில் ஒரு உத்தரவு கொடுத்தார். அதில் என் பதவி, ‘ஆணையர் (பொறுப்பு)’ என்று இருந்தது.

பதினோரு வருஷமும் பொறுப்பு ஆணையர்தான். நிரந்தரமாக்கச் சொல்லி நான் கொடுத்த மனுக்கள் எல்லாம் பரிசீலனையில் இருந்தன.

எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் பதவி உண்டு. கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்கிற துரை, நகரப் பொறியாளர். ஐஸை உடைக்கிற மெஷினில் நிற்பவர் சுகாதார அலுவலர். தள்ளுவண்டி தள்ளுகிறவர் போக்குவரத்து. வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் தூக்கத்தில் பார்க்கிற வாட்ச்மேன், வருவாய்த் துறை. மேஜை மேல் ஒரு பித்தளை மணி இருக்கும். மேயர் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் மன்றம் கூடிவிட்டது என்று பொருள், அப்புறம் மேடைத் தமிழ்தான். இன்னொரு தட்டுத் தட்டினால் மன்றம் கலைந்தது, ராயபுரத்துத் தமிழ் திரும்பி வந்துவிடும்.

ஆரம்பத்தில் நடந்த கூத்து ஒன்று. விடியற்காலையில் விசைப்படகு டிரைவர் ஒருவர் ஓடி வந்தார். படகு கிளம்பப் போகிறது, அறுபது பார் ஐஸ் வேண்டும் என்றார். ஐஸ் பார் என்றால் அச்சில் வார்த்த பெரிய ஐஸ் கட்டி, இடுப்பு உயரத்துக்கு இருக்கும், ஓர் ஆள் தூக்கத் திணறுவார். மேயர் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மனு எழுதித் தரச் சொன்னார். மனு என்னிடம் வந்தது. நான் ‘நகரப் பொறியாளர் கருத்துக்கு’ என்று எழுதி துரைக்கு அனுப்பினேன். துரை கையில் எண்ணெய், துடைத்துவிட்டு வாங்க நேரமாயிற்று. அவர் சுகாதாரத்துக்கு அனுப்பினார். சுகாதாரம் அன்று லீவு. கோப்பு சுற்றி மேயரிடம் வந்து, அவர் பச்சை மையில் ‘ஆவன செய்க’ என்று எழுதி நிமிர்ந்தபோது டிரைவரைக் காணவில்லை. டீ கிளாஸ் மட்டும் இருந்தது. படகு பக்கத்துத் தெரு ஐஸோடு கடலுக்குப் போயிருந்தது.

இப்படியே போனால் நாங்கள் எல்லாரும் முன்னாள் ஆகிவிடுவோம் என்று எனக்கு பயம் வந்துவிட்டது. நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மாநகராட்சிகளில் அவசர வேலையை முதலில் செய்துவிட்டு, மன்றத்தின் ஒப்புதலைப் பிறகு வாங்குவார்கள். அதற்குப் பின்னேற்பு என்று பெயர். அதையே கோப்பில் எழுதி நீட்டினேன். மேயர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு தகப்பனுடைய பெருமை இருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஃபேக்டரியில் ஐஸ் எல்லாம் அவசரப் பணியாகப் போயிற்று. மாதக் கடைசியில் ஒரே தீர்மானத்தில் அத்தனை ஐஸுக்கும் பின்னேற்பு வாங்கினோம். அதற்குள் அந்த ஐஸில் வைத்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு ஜீரணமே ஆகியிருக்கும்.

ரிப்பன் கதைக்கு வருகிறேன். பழைய தகர அச்சுகள் துருப்பிடித்துவிட்டதால் புது அச்சுகள் வாங்கினோம். முதல் பாரைத் திறப்பு விழாவோடுதான் வெளியே எடுக்க வேண்டும் என்று மேயர் சொல்லிவிட்டார். வாசலில் ஷாமியானா போட்டோம். மேஜை மேல் முதல் பாரை நிறுத்தி, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, பக்கத்தில் குத்துவிளக்கு. சித்திரை வெயில். மேயர் மணியைத் தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஐஸின் வரலாற்றில் தொடங்கி, தாம் மேயராக இருந்தபோது போட்ட சாலைகளுக்கு வந்து, அங்கிருந்து பாதாள சாக்கடைக்குள் இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை. பார் இளைத்துக்கொண்டே வந்தது. ரிப்பன் முதலில் தொய்ந்தது, பிறகு நழுவியது, கடைசியில் மேஜை மேல் தண்ணீரில் மிதந்தது. முன் வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார்.

“இன்னா நைனா, நீ பேசிகினே கீற, அது கரைஞ்சிகினே கீது. பேச்சு முடியசொல்ல நீ தண்ணிக்குத்தான் ரிப்பன் வெட்டணும்.”

மேயர் அசரவில்லை. மேஜை மேல் மிதந்த ரிப்பனைச் சட்டைப் பைக் கத்தரிக்கோலால் வெட்டி, எல்லாரும் கை தட்டக் காத்திருந்தார். தட்டினோம். மணியை இன்னொரு தட்டுத் தட்டி மன்றத்தைக் கலைத்துவிட்டு, அந்த அம்மா யார் என்று என்னிடம் கேட்டார்.

அதுதான் கன்னியம்மா. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்கிறவர். எங்களிடம் தினமும் அரை பார் ஐஸ் வாங்குவார். அவரோடு இன்னும் ஐந்து பெண்கள் வருவார்கள், அரை பார், கால் பார் என்று உடைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். மற்ற ஃபேக்டரிகளில் முழு பாராக, வண்டிக் கணக்கில்தான் தருவார்கள். கூடைக்காரர்களுக்காக உடைத்துத் தருகிற ஒரே ஃபேக்டரி எங்களுடையது. அது வியாபாரத் தந்திரம் ஒன்றும் இல்லை. சிறுபான்மையினர் கோரிக்கை என்று யாரோ ஒரு திங்கட்கிழமை மனுக் கொடுத்து, மேயர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். ஐஸைப் பற்றி வந்தது குறைவு. மருமகள் சோறு போடுவதில்லை, பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தெரியாமல் கூவுகிறது, இப்படித்தான் வரும். ஒரு மீனவர் வாடைக்காற்று நிற்கவேண்டும் என்று மனுக் கொடுத்தார், கிண்டலுக்குத்தான். மேயர் இரண்டு முறை படித்துவிட்டு, ‘உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது’ என்று எழுதினார். எந்தத் துறை என்று கேட்டேன். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆணையரின் வேலை என்றார். நான்கு நாள் கழித்துக் காற்று தானாக நின்றது. அந்த மீனவர் ஒரு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து கொடுத்து, அடுத்த வாரத்துக்கு மழையைப் பற்றி ஒரு மனு எழுதலாமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கன்னியம்மா யார் என்று தெரிந்ததும் மேயர் அவரை உள்ளே அழைத்துவந்து ஒரு நாற்காலி போட்டு, எதிர்க்கட்சித் தலைவர் பதவி கொடுத்தார். எனக்கு ஆச்சரியம். அவர் சொன்ன காரணம் இது: அந்த ஊர் மன்றத்தில் ஒரு கோஷ்டி உள்ளே வந்தால் இன்னொரு கோஷ்டி வெளிநடப்புச் செய்துவிடும், அதனால் ஐந்து வருஷம் அவர் பேச்சை ஒருத்தரும் குறுக்கே நின்று மறுத்ததில்லை. மறுக்க ஆள் இல்லாமல் என்ன மன்றம் என்றார்.

அப்படியாக எங்கள் மன்றத்தில் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஃபேக்டரி ஆட்கள் ஆறு, கூடைக்காரப் பெண்கள் ஆறு. மாதம் ஒருமுறை, மத்தியானம், உடைக்கிற மெஷினை நிறுத்திவிட்டுக் கூட்டம். நான் ஆணையர் என்பதால் எனக்கு ஓட்டு கிடையாது, பதிவேடு எழுதவேண்டும். மேயரும் சாதாரணமாக ஓட்டுப் போடமாட்டார். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி வந்தால் மட்டும் அவர் ஓர் ஓட்டுப் போட்டு முடிவு சொல்லலாம். அதற்கு நிர்ணய வாக்கு என்று பெயர். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். மேயராக இருந்த ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூட அவருக்கு அது வாய்க்கவில்லை. ஆள் இருந்தால்தானே சரிக்குச் சரி வரும். எங்கள் மன்றத்திலும் வாய்க்கவில்லை. ஓட்டு எண்ணும்போதெல்லாம் ஆசையோடு என் முகத்தைப் பார்ப்பார், நான் எட்டுக்கு நாலு என்பேன், முகம் சுருங்கிவிடும்.

மன்றத்தில் பேசுகிறவர்கள் ‘வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே’ என்று ஆரம்பிக்கவேண்டும் என்பது விதி. எல்லாரும் சொன்னார்கள், கன்னியம்மா மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ‘நைனா’ என்றே ஆரம்பிப்பார். மேயர் மணியைத் தட்டி விதியை நினைவுபடுத்துவார். அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்வார். வாசல் வரை போய், வருவாய்த் துறையை எழுப்பிவிட்டு, திரும்ப வந்து உட்காருவார்.

வெளியே மேயருக்கு இவ்வளவு மரியாதைகூடக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் தள்ளுவண்டி நடுவில் மாட்டிக்கொண்டது, ஐஸ் ஒழுகிக்கொண்டிருந்தது. மேயர் இறங்கிப் போய்க் கையைக் காட்டி லாரிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். ஒரு டிரைவர் எட்டிப்பார்த்து, நீ யார் என்றான். முன்னாள் மேயர் என்றார். எந்த ஊருக்கு என்றான். ஊரைச் சொன்னார். அப்படியானால் அந்த ஊருக்குப் போய்க் கையைக் காட்டு என்றான். அன்று முழுக்க மேயர் மணியைத் தொடவில்லை. மறுநாள் காலையில், அந்த டிரைவர் சொன்னதில் நிர்வாக எல்லை என்ற கோணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று என்னிடம் ஒத்துக்கொண்டார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தெற்கேயிருந்து நாலு பேர் இறங்கினார்கள். அந்த ஊரில் மறுபடி தேர்தல் வருகிறது, இந்த முறை மேயர் பதவி பொதுவாகிவிட்டது, பழைய இரண்டு கோஷ்டியும் பழையபடி முட்டிக்கொண்டு நிற்கிறது. அவர்களுக்கு மறுபடியும் ஒரு வேர்க்கடலைக்காரர் தேவை. ஒரே ஒரு நிபந்தனை. உள்ளூரில் குடிவந்து இப்போதிருந்தே ஆள் தெரிய நடமாடவேண்டும், மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு மேயர் ஆக முடியாது.

அதே மாதத்தில் பக்கத்துக் கிடங்கில் கண்டெய்னர் பெட்டிகள் அடுக்குகிற ஒரு கம்பெனிக்காரரும் வந்தார். ஃபேக்டரி இடத்தைக் கொடுத்தால் இன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன், இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் வேலை தருகிறேன் என்றார். யூனிஃபார்ம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. ஐஸில் கை விறைத்துப்போன எங்கள் ஆட்கள் யூனிஃபார்மின் நிறத்தைப் பற்றிக்கூட விசாரித்துவிட்டார்கள்.

மேயர் பீரோவிலிருந்து பழைய அங்கியை எடுத்தார். சங்கிலியை அந்த ஊரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார், அங்கி மட்டும் அவர் சொந்தச் செலவில் தைத்தது. தெருமுனை டெய்லரிடம் நானும்தான் கூடப் போனேன். போட்டுப் பார்த்தபோது முன்பக்கம் இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்த்தன, தொடவில்லை. டெய்லர் துணி விட்டுத் தைக்கிறேன் என்றார். மேயர் கண்ணாடி முன்னால் நின்று, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. புதுத் துணி போட்ட பிள்ளையின் முகம். இவர் போய்விடப் போகிறார் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டு ரயிலேறியிருப்பார். நம்மவர் மன்றத்தில் தீர்மானமாக வைத்தார். வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு, உங்கள் ஃபேக்டரி, உங்கள் கையெழுத்து, இதற்கு எதற்கு ஓட்டு என்று கேட்டார்கள். மன்றத்தைக் கேட்காமல் சொத்தை விற்றால் அது முறைகேடு என்றார் மேயர். மன்றம் என்ன முடிவு செய்தாலும் அதற்குக் கட்டுப்படுவேன் என்று பதிவேட்டில் என்னை எழுதச் சொன்னார். எழுதினேன்.

கூட்டத்துக்கு முன்பே ஓட்டுக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஃபேக்டரி ஆட்களில் ஐந்து பேர் விற்கலாம் என்கிற பக்கம். துரை மட்டும் எதிர்ப்பு, அவர் கம்ப்ரஸரை விட்டு வீட்டுக்குப் போவதற்கே யோசிக்கிற ஆள். கூடைக்காரப் பெண்கள் ஆறு பேரும் எதிர்ப்பு, இந்த ஃபேக்டரி போனால் கால் பார் உடைத்துத் தர ஊரில் ஆள் கிடையாது. ஆக ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஏழு. தீர்மானம் தோற்கும், மேயர் இங்கேயே இருப்பார். பெண்கள் வெற்றிலை பாக்கோடு தைரியமாக வந்து உட்கார்ந்தார்கள்.

மேயர் மணியைத் தட்டினார். தீர்மானத்தை நான் படித்தேன். மேயர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸைப் பற்றிப் பேசவில்லை, பாதாள சாக்கடையைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசாத முதல் கூட்டம் அதுதான். அங்கி, டெய்லர் கொடுத்த மஞ்சள் பையில் மேஜைக்குக் கீழே இருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். ஃபேக்டரி ஆட்கள் ஐந்து பேர் தரையைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார்கள். ஐந்து என்று எழுதப்போனேன்.

ஆறாவதாக ஒரு கை உயர்ந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை.

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. ஒருத்தி கன்னியம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கன்னியம்மா அதை உதறிவிட்டு இன்னும் உயரமாகத் தூக்கினார். இது ஆதரவு ஓட்டு, எதிர்ப்பு அடுத்துதான் வரும் என்று நான் விளக்கினேன்.

“தெரியும் கமிசனரு. எனுக்குக் கை தூக்கக் கத்துக் குடுக்காத.” கன்னியம்மா என்னைப் பார்க்காமல் மஞ்சள் பையைப் பார்த்துச் சொன்னார். “அந்த மனுசன் அஞ்சு வருசம் அங்க இருந்தத்த இத்தினி வருசமா சொல்லிகினு கீது. அந்தத் துணிய எடுத்து எடுத்துப் பாத்துகினு கீது. போவட்டும். ஐஸு எங்கியாவது கெடைக்கும், எண்ணூருக்குப் போயாவது நான் வாங்கிக்கிறேன்.”

எதிர்ப்பவர்களைக் கேட்டேன். துரையும் ஐந்து பெண்களும் தூக்கினார்கள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஆறுக்கு ஆறு.

தாளைத் திருப்பி மேயர் பக்கம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த நிர்ணய வாக்கு வந்துவிட்டது. ஒரே வார்த்தை சொன்னால் போதும், அங்கி, ஊர்வலம், நாற்காலி எல்லாம் திரும்பி வந்துவிடும். நான் மனசுக்குள் அவருக்கு வழியனுப்பு விழா உரையே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மேயர் எழுந்து நின்றார். “இருதரப்பும் சமமாக உள்ள நிலையில், இருப்பது இருக்கிறபடியே தொடரவேண்டும் என்பது மரபு. ஆகவே இம்மன்றத்தின் தலைவர் தமது நிர்ணய வாக்கைத் தீர்மானத்துக்கு எதிராகப் பதிவு செய்கிறார். தீர்மானம் தோற்றது.”

மணியை இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கன்னியம்மாதான் முதலில் எழுந்தார். கூடையை எடுத்து இடுப்பில் வைத்தார். வெளிநடப்புச் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேஜைக்கு நேராக வந்து நின்றார்.

“வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே,” என்றார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. “அர பாரு ஒடச்சிக் குடுக்கச் சொல்லு. மீனு நாறிகினு கீது.”

மேயர் ஆவன செய்யச் சொன்னார். உடைக்கிற மெஷினைப் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவர் மூக்கை உறிஞ்சியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

எல்லாரும் போனபிறகு, நான் பதிவேட்டை நீட்டி, நிஜமாகவே மரபுக்காகத்தான் அப்படிப் போட்டீர்களா என்று கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“மரபாவது ஒண்ணாவது. அங்க அஞ்சு வருஷம் இருந்தேன் கமிஷனர். அவனுங்க கை தூக்குனதெல்லாம் அவனுங்க சண்டைக்காவ. எனுக்காவ ஒருத்தன் தூக்கல. இந்தப் பொம்பள தன் பொயப்பு போனாலும் பரவால்லன்னு எனுக்காவத் தூக்குது. இத்த உட்டுட்டு நான் இன்னாத்துக்கு அங்க போவணும்?”

கன்னியம்மா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. தொல்லை ஒழியட்டும் என்றுதான் தூக்கினேன், இந்த மனுஷன் அதையும் கெடுத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த கூட்டத்தில் பழையபடி ‘நைனா’ என்றே ஆரம்பித்தார். ஆனால் ஒன்று, அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு முறை தேர்தல் பேச்சு வரும்போதும் திங்கட்கிழமை ஒரு மனுக் கொடுக்கிறார், மேயர் மறுபடி நிற்கவேண்டும் என்று. மேயர் பச்சை மையில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதுகிறார். அங்கி மஞ்சள் பையிலேயே இருக்கிறது. கூடைக்காரர்களுக்கு இன்றைக்கும் கால் பார் உடைத்துத்தான் தருகிறார்கள். யூனிஃபார்ம் கைவிட்டுப் போனதில் வருத்தப்பட்ட ஐந்து பேருக்கும் மேயர் அடுத்த தீபாவளிக்கு நீல யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தார், முதுகில் துறையின் பெயரோடு.

நான் அப்புறம் பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டேன். கிளம்பிய அன்று, பதினோரு வருஷம் கழித்து, ‘பொறுப்பு’ என்பதை அடித்துவிட்டு முழு ஆணையராக ஓர் உத்தரவு கொடுத்தார், அன்றைய தேதியிலேயே பணி ஓய்வும் கொடுத்தார். வாசல் வரை வந்தவர், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே ஒன்று கேட்டார். அன்றைக்கு எனக்கும் ஓட்டு இருந்திருந்தால் எந்தப் பக்கம் தூக்கியிருப்பேன்? அதிகாரிகள் அரசியல் கருத்துச் சொல்லக்கூடாது என்றேன். அதிகாரி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று என் தோளைத் தட்டினார்.

இப்போது நான் ஓய்வுபெற்ற அதிகாரி, சொல்லலாம். இரண்டு கையையும் தூக்கியிருப்பேன், இவரை எங்கேயும் அனுப்பாதீர்கள் என்று.